ஜட்டிக்கும் படகுக்கும் ஒரே பெயர்

சட்டப் பிரிவுகள் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பரீட்சை எழுதிப் பாஸ் செய்து இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் நீங்கள். நான் டிரேட்மார்க் வக்கீல் ஆபீசில் வெளிவேலை பார்த்தவள். ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, எங்கள் கட்சிக்காரரின் பெயரை எந்த ஊரில் யார் எதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை.

ஒரே பெயரை இரண்டு வேறு தொழில்காரர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தந்திருப்பார்கள். நாடு முழுக்கத் தெரிந்த பெரிய பெயர் என்றால் கதை வேறு. மற்றபடி யாரும் யாரோடும் குழப்பிக்கொள்ளாதவரை தடையில்லை. ஊறுகாய்க்கும் பூச்சிமருந்துக்கும் ஒரே பெயர் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மளிகைக்கடையில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன. கடைக்காரரிடம் கேட்டேன். "ரெண்டுலயும் காரம் ஜாஸ்திம்மா, பார்த்து வாங்கிக்கோங்க" என்றார். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

பிரச்சினை எங்கே வரும் என்றால், பெயர் வைத்தவருக்கு மனசு நோகும்போது வரும். மனசுக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. அதை நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தெரிந்துகொண்டேன்.

திருப்பூரில் செல்லமுத்து என்று ஒரு முதலாளி எங்கள் கட்சிக்காரர். பனியன், ஜட்டி தயாரிப்பவர். பிராண்டின் பெயர் ஜெயவீரன். எண்கணிதக்காரர் ஒருவர் கூட்டிக் கழித்துக் கொடுத்த பெயர் அது. அந்தப் பெயர் வந்தபிறகுதான் தொழில் தூக்கியது என்று செல்லமுத்து உறுதியாக நம்பினார். டிவியில் விளம்பரம் வந்தது. கோட்டு போட்ட ஒருவர் காரிலிருந்து இறங்குவார், கோட்டு காற்றில் பறந்து போகும், "வெளியே ஆபீசர், உள்ளே ஜெயவீரன்!" என்று ஒரு பாட்டு ஒலிக்கும். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பாடிக்கொண்டு திரிந்த பாட்டு.

ஒருநாள் காலையில் செல்லமுத்து எங்கள் ஆபீசுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. போனை நீட்டினார்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் மார்பளவு தண்ணீரில் பத்துப் பதினைந்து பேர் சிரித்துக்கொண்டும் செருப்பைத் தேடிக்கொண்டும் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ஜெயவீரன் என்ற பெயர் தலைகீழாகத் தெரிந்தது. கீழே எவனோ எழுதியிருந்தான்: "ஜெயவீரன் கவுந்துட்டான்."

"ஊர்ல இருக்கற டீலர் பூரா இதை எனக்கு அனுப்பறாங்க மேடம். மதுரைக் கடையில ஒருத்தன் கேக்கறானாமுங்க, தண்ணியில நின்னா கழண்டுக்குமான்னு. எப்படிங்க யாவாரம் பண்றது?"

படகு கட்டுகிறவர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊரில் இருந்தார். அந்தப் பெயரை எழுதக்கூடாது என்று உடனே நோட்டீஸ் கொடுக்கவேண்டும், படகுக்கும் அந்தப் பெயரைத் தன் பேரிலேயே பதிவு செய்துவிடவேண்டும் என்றார் செல்லமுத்து. "நீங்க படகு செய்யப் போறீங்களா?" என்று எங்கள் பெரியவர் கேட்டார். ஆபீசின் தலைமை வக்கீலை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். "செய்யாட்டி என்னங்க, அவன் செய்யக்கூடாது" என்றார் செல்லமுத்து.

அவர் பிடிவாதத்துக்குப் பதிவு விண்ணப்பத்தை மட்டும் போட்டு, அவரை அனுப்பிவைத்துவிட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். நோட்டீசைக் கையில் கொடுத்தார். "இது பையிலயே இருக்கட்டும். நீ போய்ப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணு. அதுக்கப்புறம் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணலாம்" என்றார்.

பொன்னேரியில் பஸ் மாறி, திருப்பாலைவனம் தாண்டிப் போனேன். பழவேற்காடு கடைத்தெருவுக்குள் நுழையும்போதே ஜெயவீரன் எதிரில் நின்றான். பஸ் நிறுத்தத்துக்கு மேலே பெரிய விளம்பரப் பலகை. கட்டுமஸ்தான ஓர் ஆள், இடுப்பில் ஜெயவீரனைத் தவிர வேறொன்றும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றான்.

தோணிரேவில் ஏரியை ஒட்டிப் படகுக் கொட்டகை இருந்தது. ஃபைபர் படகுக்குப் பூசுகிற ரெசின் பசையின் நெடி மூக்கைத் துளைத்தது. படகு கட்டுகிறவர் பெயர் தேசப்பன். நாற்பது வயதிருக்கும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அச்சுக்குள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளை மீசையோடு திடமான முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி இடங்களுக்குப் போனால் வாடிக்கையாளர் போலப் பேச்சுக் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம். ஆனால் என்னைப் பார்த்தால் படகு வாங்க வந்தவள் மாதிரியா இருக்கும்? எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று உள்ளபடியே சொன்னேன்.

முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஜட்டி கம்பெனியா? வா வா. இப்பத்தான் புத்தி வந்துச்சா? மன்னிப்பு கேக்கத்தானே வந்துகீறே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க யாருங்கய்யா?" என்றேன்.

"நாந்தான் ஜெயவீரன்."

தேசப்பனின் மாமனார் அவர். கொட்டகை போட இடம் கொடுத்தவர். மருமகன் முதல் படகை இறக்கியபோது நன்றிக்காக அவர் பெயரையே அதன்மேல் எழுதினார். படகு நன்றாக ஓடியது. அடுத்தடுத்து வாங்க வந்தவர்களும் அதே பெயரோடுதான் வேண்டும் என்றார்கள். ஆரம்பாக்கம் வரைக்கும் அந்தப் படகுகள் போயிருந்தன. இது எல்லாம் திருப்பூரில் அந்த எண்கணிதக்காரர் கூட்டிக் கழிப்பதற்குப் பல வருடங்கள் முன்னால்.

தேசப்பனின் மனைவி வசந்தி தண்ணீர்ச் சொம்போடு வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க நைனா ரோட்டுல போனா பசங்க பின்னாடியே அந்தப் பாட்ட பாடிக்கினு வருதுங்க. கடைத்தெருவுல அந்த போர்டு வச்சதிலேர்ந்து அவரு அந்தப் பக்கமே போறதில்ல. டீ குடிக்கப் போவாரு, நாலு பேராண்ட பேசுவாரு, எல்லாம் போச்சு. அந்த ஆளு மேல தன் பேரு எழுதி நிக்கறத பாத்தா ஒடம்பு கூசுதுன்றாரு."

எங்கள் கட்சிக்காரருக்குப் படகால் மானம் போனது. இவருக்கு ஜட்டியால் மானம் போனது. இரண்டு பேரும் ஒரே குற்றத்தை ஒருவர்மேல் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பையில் இருந்த நோட்டீசை நான் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். பக்கத்து ஊர் மீனவர் சங்கம் ஒன்று தேசப்பனிடம் படகுகளுக்குச் சொல்லியிருந்தது என்றும் வசந்தி சொல்லியிருந்தார். அதற்காகக் கடன் வாங்கிப் புது அச்சுப் போட்டிருந்தார். வழக்கு என்று ஒரு காகிதம் வந்தால் போதும், சங்கத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். கேஸில் கடைசியில் தேசப்பன் ஜெயித்தாலும் அதற்குள் கொட்டகையைப் பூட்டியிருப்பார்.

ஆபீஸ் பெரியவருக்குப் போன் போடலாம் என்று நான் எடுக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. செல்லமுத்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் செருப்பு. நான் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை திருப்பூரில் காத்திருக்கிறேன் என்று சொன்ன மனிதர்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் ஸ்தலத்துக்கு வரக்கூடாது. வந்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் விசாரணை அதிகாரி இல்லை, சண்டை விலக்க வந்தவர்.

"எங்கீங்க அந்தப் படகு?" என்றார் செல்லமுத்து.

"எந்தப் போட்டுங்க?" என்றார் தேசப்பன்.

"கவுந்துச்சே, அது!"

அது கரையோரத்தில்தான் கட்டிக் கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. தேசப்பன் பொறுமையாகவே பேசினார். "சார், போட்டு மேல தப்பு ஒண்ணும் இல்ல. பட்டணத்துலேர்ந்து வந்தவங்க, எல்லாரும் எழுந்து ஒரே பக்கமா சாஞ்சிட்டாங்க, செல்ஃபி எடுக்கறதுக்கு. எந்தப் போட்டுதான் தாங்கும்?"

"கதை சொல்லாதீங்க. சாதாரணமா ஒரு ஆளு ஆட்டினாலே கவுந்துரும் இது. நான் காட்டட்டுமா?"

நான் தடுப்பதற்குள் செருப்போடு படகில் ஏறிவிட்டார். "முதலாளி, இறங்குங்க" என்றேன். காதில் வாங்கவில்லை. காலை அகட்டி நின்று இந்தப் பக்கம் ஒரு மிதி, அந்தப் பக்கம் ஒரு மிதி. படகு லேசாகத் தாலாட்டியது. கோபம் வந்து இன்னும் வேகமாக மிதித்தார். கொட்டகையில் வேலை செய்தவர்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டார்கள். குமார் என்று ஒரு வேலைக்காரர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "பாத்து சார், வழுக்கும்" என்று தேசப்பன் கத்தினார்.

படகு கவிழவில்லை. செல்லமுத்து கவிழ்ந்தார்.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் அடியில் சேறு. தேசப்பனும் இன்னொருவரும் குதித்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிக் கரையில் நிறுத்தினார்கள். வெள்ளைப் பேண்ட் நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஆனால் திரும்புவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். இத்தனை வருட வேலையில் கண் அப்படிப் பழகிவிட்டது. இடுப்புப் பட்டையில் கொட்டை எழுத்தில் கம்பெனிப் பெயர் இருந்தது.

குமாரும் பார்த்துவிட்டார். போனைக் கீழே இறக்காமலேயே கூவினார். "மாமோவ்! இது நம்ம பேரு இல்ல! வேற எதோ வெளிநாட்டுப் பேரு!"

கரையே சிரித்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஜெயவீரன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து, செல்லமுத்துவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இன்னாபா, ஊரு பூரா என் பேர இடுப்புல கட்டிவிட்டே. நீ மட்டும் கட்ட மாட்டியா?"

செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். முகம் செத்துப்போயிருந்தது. வசந்தி கொடியில் கிடந்த ஒரு கைலியை உருவிக் கொடுத்தார். கொட்டகைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பல்லெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. குளிர் இல்லை அது.

"மேடம், எதுல வேணுமோ கையெழுத்து வாங்கிக்குங்க. படகு, கப்பல், எதுக்கு வேணா பேரை வச்சுக்கட்டும். அந்த வீடியோ மட்டும் வெளிய போகக்கூடாதுங்க. போச்சுன்னா நான் தூக்குலதான் தொங்கணும்."

அதே சமயம் இந்தப் பக்கம் தேசப்பன் என் காதில் சொன்னார். "மேடம், இப்பவே எழுதி வாங்கிடுங்க. ஜல்தி. ஆளு கார்ல ஏறிட்டா மாறிடுவாரு."

என் பையில் பேப்பர் இருந்தது, பேனா இருந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடத் தயார். என் வேலையில் அதுபோல ஒரு நிமிஷம் அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. எழுதி வாங்கியிருந்தால் ஆபீசில் எனக்கு மாலை போட்டிருப்பார்கள்.

நான் மாட்டேன் என்றேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கைலி கட்டிக்கொண்டு நடுங்குகிற மனிதரிடம் வாங்கும் கையெழுத்து, அவர் பேண்ட் காய்கிறவரைக்கும்தான் நிற்கும். மிரட்டி வாங்கினார்கள் என்று நாளைக்கே இன்னொரு வக்கீலைப் பிடிப்பார். அது பொய்யாகவும் இருக்காது. அதுவும் இல்லாமல் நான் அவருடைய சம்பளத்துக்கு வந்தவள். அவர் புத்தி தெளிவாக இல்லாத நேரத்தில் அவருக்கு எதிராக அவரிடமே எழுதி வாங்கினால் நான் யார்?

"தேசப்பன், முதல்ல வீடியோவ அழிக்கச் சொல்லுங்க. பதிலுக்கு ஒண்ணும் கேக்காதீங்க. முதலாளி வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து பேசலாம்" என்றேன்.

தேசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். "இன்னா மேடம் பேசறீங்க? எங்க கையில இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் அழிச்சிட்டு நாங்க இன்னா பண்றது? நாளைக்கு இவரு நோட்டீஸ் உட்டா நீங்களா வந்து நிப்பீங்க?"

என்னால் அதற்கு ஆமாம் என்று சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. குமார் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கூட்டம் முணுமுணுத்தது. கூட்டத்தில் யாரோ "வெளியே ஆபீசர்" என்று பாட்டை எடுத்தார்கள். செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார். தன் பாட்டை அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வசந்திதான் குமாரிடம் போய்க் கையை நீட்டினார். "குடுறா."

"அக்கா..."

"குடுன்றேன். இந்தப் பாட்டால எங்க நைனா தெருவுல நடக்க முடியாம ஊட்டுலயே குந்திகீறாரு. அது போறாதா? இன்னொரு ஆளையும் குந்தவைக்கணுமா?"

போனை வாங்கினார். அழித்தார். அழித்த படம் போய்ச் சேருகிற போனின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். செல்லமுத்துவிடம் காட்டினார். "பாத்துக்கோங்க சார். வேற யாரும் எடுக்கல. கிளம்புங்க, ஜொரம் வந்துடப் போவுது."

செல்லமுத்து கைலியோடு காரில் ஏறினார். கார் போனபிறகு தேசப்பன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஜெயவீரன் மட்டும், "மீன் குழம்பு கீது, துன்னுட்டுப் போ" என்றார். சாப்பிட்டேன். மடவை மீன். ருசியாகத்தான் இருந்திருக்கும், அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆபீசில் நடந்ததைச் சொன்னேன். பெரியவர் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "சரியாத்தான் செஞ்சிருக்க. ஆனா சரியா செஞ்சா நல்லபடியா முடியும்னு யாரும் எழுதிக் கொடுக்கல. பார்ப்போம்" என்றார். அதன்பிறகு திருப்பூரிலிருந்து சத்தமே இல்லை. போன் போட்டால் முதலாளி மீட்டிங்கில் இருந்தார், எப்போதும் இருந்தார். வேறு வக்கீலிடம் போய்விட்டார் என்று நினைத்தேன். சங்கத்துக்காரர்கள் தேசப்பனைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வசந்தி போனில் சொன்னார். எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அந்த வீடியோவை அழிக்காமல் வைத்திருக்கலாமோ என்று ஓர் எண்ணம் வந்து வந்து போனது. வரத்தான் செய்யும், உங்களுக்கும் வரும்.

பிறகு ஒருநாள் காலையில் வசந்தியே கூப்பிட்டார். குரலில் சிரிப்பு. "அக்கா, கடைத்தெருவுல போர்ட எடுத்துட்டாங்க! லாரி எடுத்துக்கினு வந்து பிரிச்சிக்கினு போறாங்க. நைனா சட்டை போட்டுக்கினு டீ குடிக்கப் போயிட்டாரு."

யாரும் கேட்காமல் செய்தது அது. அன்று மத்தியானமே செல்லமுத்துவிடமிருந்து போன் வந்தது. "ஒப்பந்தம் எழுதுங்க மேடம். படகு அவங்களுக்கு, துணி எனக்கு. ஒருத்தர் பக்கம் ஒருத்தர் வரவேண்டியதில்ல. படகுக்குப் போட்ட விண்ணப்பத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன்." பிறகு தானாகவே சொன்னார். "நம்ம சரக்குல எலாஸ்டிக் கொஞ்சம் இறுக்குமுங்க. அதனாலதான் வேற போட்டிருந்தேன். இப்ப மாத்திட்டேன். ரெண்டையும்."

கையெழுத்துப் போட எங்கள் ஆபீசுக்கே எல்லோரும் வந்தார்கள். தேசப்பன், வசந்தி, செல்லமுத்து. ஜெயவீரன் கையெழுத்து தேவையில்லை என்றாலும் வெள்ளைச் சட்டை, ஜவ்வாது மணத்தோடு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். செல்லமுத்து அவருக்குத் துவைத்துத் தேய்த்த கைலியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எல்லாத் தாளிலும் கையெழுத்து முடிந்தது. காபி வந்தது.

"ஏம்மா," என்றார் ஜெயவீரன் என்னைப் பார்த்து, "போட்டு மருமவனுக்கு. ஜட்டி இவருக்கு. அப்ப வேற சாமானுக்கு எல்லாம் என் பேரு காலியாத்தானே கீது?"

"ஆமாங்கய்யா. வேற யாரும் எழுதிக்கல."

"கருவாட்டுக்கு?"

"கருவாட்டுக்கும் யாரும் இல்லை."

"அப்ப எழுதிக்க. ஜெயவீரன் கருவாடு. எம் பொண்ணு வசந்தி பேர்ல."

வசந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். செல்லமுத்து காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"ஐயா... கருவாடு மட்டும் வேண்டாமுங்க. வாசம் அடிக்குமுங்களே. ஜட்டி வாங்கறவன் என்னங்கய்யா நெனப்பான்?"

"ஜட்டி பேரு கருவாட்டு மேல இருந்தா துன்றவன் இன்னா நெனப்பான்? நான் கேட்டனா?"

எங்கள் பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. என் மேசையில் காலியாக ஒரு விண்ணப்பத் தாள் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. செல்லமுத்து என் கட்சிக்காரர். அவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ, அதன்பிறகுதான் என் பேனா நகரவேண்டும்.

செல்லமுத்து டம்ளரைத் திரும்பக் கையில் எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"வஞ்சிரம் கருவாடு போடுவீங்களாங்கய்யா?"